ஞாயிறு மாலை ஆறு மணிக்குள்

ட்வின் ஃபால்ஸ், ஐடஹோ
பிப்ரவரி 12

அன்புள்ள க்ளேடனுக்கு,

எமட் எழுதுவது. கணுக்கால் எலும்பு கூடிவிட்டது. பனி கொட்டும் நாட்களில் மட்டும் வலிக்கிறது. நீயும் லோர்னாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஆகஸ்டிலேயே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. எழுத உட்காரும்போதெல்லாம் முதல் வரியிலேயே கல்லூரி வந்து நின்றுவிடும். பதினோரு வருடங்களுக்கு முன், எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் நாற்காலியில் நீ போய் உட்கார்ந்தது தப்பு. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். சொல்லியாகிவிட்டது, இனி மற்றதை எழுதலாம்.

சாடூத் தேசிய வனத்துக்குத் தனியாகப் போகிறவர்கள் ஒரு பயணத் தாள் நிரப்பி, தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். உனக்குத் தெரியாததல்ல. எந்தப் பாதை, எந்த ஏரி, கார் எண், திரும்பும் நேரம் எல்லாம் பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். 'நான் திரும்பாவிட்டால் தகவல் சொல்லவேண்டியவர்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அக்காவோடு உயில் தகராறு. பக்கத்து வீட்டுக்காரனோடு வேலித் தகராறு. மரியன் விவாகரத்துக்குப் பிறகு என் கடிதங்களைப் பிரிப்பதேயில்லை. கடைசியில் உன் பெயரை எழுதினேன். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் உன் அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு, கதவைத் தட்டாமல் காரை எடுத்தேன். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் நான் தொலைபேசியில் கூப்பிடாவிட்டால் ஷெரீஃப் அலுவலகத்துக்குச் சொல் என்று ஒரு வரி. தயவுசெய்து என்றுகூட எழுதவில்லை.

சனிக்கிழமை மதியம் நடந்து போய்ச் சேர்ந்தால், ஏரிக்கரையில் இரண்டு கூடாரங்கள், ஒரு கிட்டார். முகம் சுளித்துக்கொண்டு மேட்டைத் தாண்டி, அப்பால் இருந்த பெயரில்லாத குட்டைக்கு இறங்கினேன். சரளைக் கல் சறுக்கியது. கால் உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அங்கே தொலைபேசிக்கு சிக்னல் கிடையாது. தாளில் எழுதிய இடத்திலும் நான் இல்லை. இரண்டு இரவுகள் அங்கேயே கிடந்து, நீ அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உன் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

திங்கள் காலை தேடல் குழு நேராக அந்தக் குட்டைக்கே வந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று குழுத் தலைவியைக் கேட்டேன். ஞாயிறு ஆறு ஐந்துக்கே நீ கூப்பிட்டுவிட்டாயாம். நீ சொன்னதை அவள் சிரித்துக்கொண்டே அப்படியே ஒப்பித்தாள்:

"ஏரியில தேடாதீங்கம்மா, அவன் அங்க இருக்கவே மாட்டான். ஒரு கூடாரம் கண்ணுல பட்டாப் போதும், மூஞ்சியத் தூக்கிட்டு மேட்டத் தாண்டிப் போயிடுவான். அவனுக்கு மனுஷ வாடையே ஆகாது."

தாளை நம்பித் தேடியிருந்தால் இன்னும் ஒரு நாள் ஆகியிருக்கும் என்றாள். என் பாட்டிலில் இரண்டு மடக்குத் தண்ணீர்தான் மிச்சமிருந்தது. லோர்னா மருத்துவமனைக்கு வந்தபோது இன்னொன்றும் சொன்னாள்: "வெள்ளிக்கெழமலேருந்து அந்தத் தாள ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிவச்சு, போக வர அதையே பாத்துட்டிருந்தாரு. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கெல்லாம் போன் பக்கத்துல உக்காந்துட்டாரு." அன்று நீ கீழே காரிலேயே இருந்துவிட்டதாகவும் சொன்னாள். நானும் உன்னை மேலே கூப்பிடச் சொல்லவில்லை.

நன்றி, க்ளேடன். என்னை இவ்வளவு சரியாகத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை.

இன்று காலை எட்டு மணிக்கு ஆகஸ்ட் முன்பதிவு திறந்தது. அதே வனத்தில், கீழே வேறோர் ஏரிக்கரையில், 12ஆம் தேதியிலிருந்து நான்கு நாட்களுக்கு ஒரு முகாம் இடம் எடுத்திருக்கிறேன். கூடாரம் வரை கார் போகும். உன் முழங்காலுக்குச் சிரமம் இல்லை. சாப்பாட்டைக் கரடி தொடாமல் பூட்டிவைக்க இரும்புப் பெட்டி இருக்கிறது. காட்டுத்தீ பயத்தில் விறகு எரிக்கத் தடை வந்தால் கேஸ் அடுப்பு என்னிடம் உண்டு. பக்கத்து இடங்களில் கூட்டமாகத்தான் இருக்கும்; தெரிந்தேதான் எடுத்தேன். பதிவு இருவர் பெயரில்.

லோர்னாவைக் கேட்டுக்கொண்டு பதில் போடு. கல்லூரியைப் பற்றி முதல் நாள் மட்டும் பேசுவேன். மீதி மூன்று நாளும் நீ பேசு, நான் கேட்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

எமட்