பச்சைக் கிழங்குக்குத் தீட்டில்லை

கொல்லயில், பாறசாலை
கொல்லம் 1111-ம் ஆண்டு சித்திரை மாதம்

என் செல்ல மகன் தாணுலிங்கத்துக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஈப்போவில் நீயும் ஆனந்தபாயும் அதுபோலவே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். ஆனந்தபாய் என்று நான் எழுதியிருப்பதைக் கண்டு நீ திரும்ப ஒருமுறை வாசிப்பாய். இதுவரை எழுதின கடிதங்களில் எல்லாம் உன்னை மட்டும் விசாரித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன், அது எனக்கும் தெரியும். இங்கே கோடை மழை இரண்டு தரம் நன்றாகப் பெய்தது, கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. குன்னத்துகாலில் உன் அத்தை கல்யாணசுந்தரிக்கு முட்டுவலி, எழுந்து நிற்க ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது, ஆனாலும் வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. உன் அப்பா பகுதிக் கச்சேரி வரிக் கணக்கு வேலையை விட்டு இத்தனை காலம் ஆகியும் காலையில் குளித்துத் திருநீறு பூசி, கச்சேரிக்குப் போகிறவர் போலவே உடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீ ஐப்பசி மாதம் எழுதிக் கேட்டதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. கிறிஸ்தவரான ஞானசிகாமணியின் மகள் ஆனந்தபாயைக் கட்டியது கட்டியதுதான், அவளைக் கூட்டிக்கொண்டு வந்தால் அடுக்களைவரை வர விடுவீர்களா, அவள் ஆக்கிப் போட்டால் நீ சாப்பிடுவாயா அம்மா, இல்லையென்றால் நானும் வரவில்லை என்று எழுதியிருந்தாய். உன் அப்பா அதை வாசித்துவிட்டு, வரட்டும், முன்கட்டில் இருந்துவிட்டுப் போகட்டும், வேதக்காரப் பெண்ணுக்கு நம்ம அடுக்களையில் என்ன வேலை என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். உன் கேள்வி அவருக்கு இல்லை, எனக்கு. அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பேனாவை எடுப்பேன், மழை பெய்தது, தேங்காய் வெட்டியது என்று எழுதி மூடிவிடுவேன். இப்போது எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசி.

ஜெயபாயை உனக்குப் பெயரளவில் தெரியும். உன் தாத்தாவுக்குத் திருவனந்தபுரத்தில் உத்தியோகமாயிருந்தபோது நான் அங்கே பெண்கள் கல்லூரியில் கொஞ்ச காலம் படித்தேன் அல்லவா, அப்போது என் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள், அவளும் வேதக்காரக் குடும்பம்தான். எனக்குக் கல்யாணம் பேசிப் படிப்பை நிறுத்தினார்கள். அவள் படித்து முடித்து, கல்யாணமும் செய்துகொள்ளாமல், காட்டாக்கடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, தம்பி நேசையன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். கல்லூரியில் நாங்கள் ஒரு பெஞ்சில் இருந்தோமே தவிர மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நான் மரத்துக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். அவள் தூக்குப் பாத்திரத்தைத் திறந்தால் மரச்சீனிக் கிழங்கு, பாண்டிக்காரர்கள் மரவள்ளி என்பார்களே, அது புழுங்கியதும் காந்தாரி மிளகு அரைத்த துவையலும் இருக்கும், அந்த வாசனை காற்றோடு வரும். எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். அவளுக்கும் அது தெரியும், என்னைப் பார்த்துச் சிரிப்பாள். கேட்க எனக்கும் முறையில்லை, கொடுக்க அவளுக்கும் முறையில்லை, அப்படியே வளர்ந்தோம். அப்புறம் இருந்த இடங்களுக்கு இடையில் பஸ் போகிற தூரம்தான், ஆனாலும் கடிதத்தில் பேசிக்கொண்டோமே தவிர நான் அவளைப் போய்ப் பார்க்கவே இல்லை.

பங்குனியில் நேசையன் பாறசாலைச் சந்தைக்கு வந்தவன் நம் வாசலில் வந்து நின்றான். அக்காவுக்கு ஒடம்பு தீரெ சரியில்ல, கட்டிலோட கெடக்கா, ஒங்கள ஒரு தடவ பாக்கணும்னு சொல்லுதா என்றான். நாளை மறுநாள் வருகிறேன் என்று அவனிடம் அப்போதே சொல்லிவிட்டேன். உன் அப்பாவுக்கு முகம் சுருங்கியது. பெண்பிள்ளைகள் ஒற்றைக்கு பஸ்ஸில் போறது நம்ம குடும்பத்தில் உண்டுமா என்றார். அப்படியானால் துணைக்கு நான் வாறேன் என்றும் சொல்லவில்லை. கடைசியில், போறதானால் போ, அங்க வெள்ளம்கூட குடிக்கண்டாம், சோறு கட்டிக்கொண்டு போ என்றார். நானும் தயிர்சாதம் பிசைந்து வாழையிலையில் கட்டிக்கொண்டு, கூஜாவில் நம் கிணற்றுத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். நெய்யாற்றங்கரையில் பஸ் மாறும்போது கண்டக்டர், அம்மச்சி ஒற்றக்காணோ என்று மலையாளத்தில் கேட்டான். ஆமாம், தனியாகத்தான் என்றேன். சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது, என் வயதில் ஒரு பஸ்ஸில் தனியாக ஜன்னலோரம் உட்கார இப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது மக்கா. உன் கடிதம் நினைவுக்கு வந்தது. இன்றைக்கு ஜெயபாய் கையால் சாப்பிட்டுவிட வேண்டும், சாப்பிட்டுவிட்டால் உனக்குப் பதில் எழுதத் தைரியம் வந்துவிடும் என்று தோன்றியது. காட்டாக்கடையில் இறங்கியதும் சந்தை முக்கில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவிக்குச் சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டேன். கூஜாத் தண்ணீரையும் அவளே குடித்தாள். வெறுங்கையோடு, பசியோடுதான் அந்த வீட்டுக்குப் போனேன்.

அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எப்படி வாட்டசாட்டமாக இருந்தவள், எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தாள். கண் மட்டும் பழைய கண். நீலா, நீ வந்துட்டியா பிள்ளே, எனக்கு நம்பிக்கையே இல்ல கேட்டியா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லூரிக் கதையெல்லாம் பேசினோம். உன்னைப் பற்றியும் சொன்னேன், ஆனந்தபாயைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பாவம், அந்தப் பெண்ணுக்கு மாமியார் முகம் எப்படியிருக்கும்னு பயமாயிருக்கும் என்று மட்டும் சொன்னாள். பின்கட்டிலிருந்து மரச்சீனி புழுங்குகிற வாசனை வந்துகொண்டிருந்தது. கேட்டுவிட வேண்டியதுதான் என்று நான் வாயெடுக்கப் போகும் சமயத்தில், அடுத்த தெருவிலிருந்து நம்மவர்கள் வீட்டு அம்மாள் ஒருத்தி, சண்முகவடிவு என்று பெயர், ஈரத்துணியோடு தலைவாழையிலையும் சோற்றுப் பாத்திரமும் கொண்டு வந்து நின்றாள். ஜெயபாய் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. நீ ஒண்ணுக்கும் பயப்படண்டாம் நீலா, சட்டியும் பானையும் புதுசாக்கும், வெள்ளம் கோரினதும் இவியதான், எங்க கை ஒண்ணுலயும் படல்ல என்றாள். எனக்காக அவள் படுத்த படுக்கையிலிருந்தே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருக்கிறாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு இது வேண்டாம், உங்கள் வீட்டுக் கிழங்கு வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் மனம் நோகும் என்று சொல்லவில்லை என்று இத்தனை நாளும் என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். அது பாதிதான். அந்தச் சண்முகவடிவு அம்மாள் கரண்டியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாறசாலையில் சொந்தக்காரர்கள் உண்டு, பொழுது சாய்வதற்குள் செய்தி நம் தெருவுக்கு வந்துவிடும் என்று பயந்தேன். இலையில் உட்கார்ந்து அவள் போட்டதைச் சாப்பிட்டேன். நான் சாப்பிடும்போது கண் படக்கூடாது என்று ஜெயபாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். புறப்படும்போது நேசையன் மனைவி விஜயம்மாவைக் கூப்பிட்டு, ஒரு பனையோலைப் பெட்டி நிறையப் பச்சை மரச்சீனிக் கிழங்கும், நடுவதற்கு நாலு கம்பும், ஒரு பிடி காந்தாரி மிளகும் எடுத்துத் தரச் சொன்னாள். பச்சைக் கிழங்குக்குத் தீட்டு இல்லியே நீலா, ஒன் வீட்டுல போயி ஒன் கையால புழுங்கித் தின்னு என்றாள். அதற்கும் நான் சரி என்று தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அவள் போய்விட்டாள் மக்கா. விஷு கழிந்து கொஞ்ச நாளில் நேசையன் வந்து சொன்னான், அடக்கம் முடிந்துதான் எங்களுக்குத் தெரிந்தது. போகும்போது ரொம்ப வேதனைப்படவில்லையாம். நான் வந்துவிட்டுப் போனதையே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பேச்சோடு பேச்சாக அவன் இன்னொன்றும் சொன்னான். நான் போயிருந்த அன்றைக்கு விடியும்போதே கிழங்கு பறித்துப் புழுங்கச் சொல்லி, எனக்கென்று ஒரு புதுச் சட்டியில் தனியாக எடுத்து மூடி வைக்கச் சொன்னாளாம். நீலா கேட்டா குடு, கேக்காம குடுக்கண்டாம், அவளுக்குச் சங்கடமாவும் என்று விஜயம்மாவிடம் சொல்லியிருந்தாளாம். நான் போனபிறகு அந்தச் சட்டியை யாரும் தொடவில்லை, மறுநாள் பசுவுக்கு வைத்தோம் என்றான். அவன் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, அவனுக்கு அது ஒரு சாதாரண விஷயம். நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள் தந்த கிழங்கை வந்த அன்றே புழுங்கித் தின்றிருந்தேன், நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் அது என் சமையல்தானே.

அன்றைக்கு உன் அப்பாவிடம் சொன்னேன். என் மருமகள் வந்தால் என் அடுக்களையில் ஆக்குவாள், நான் சாப்பிடுவேன், உங்களுக்கு ஆகாதென்றால் உங்களுக்குத் தனியாக நான் ஆக்கித் தருகிறேன் என்றேன். இவ்வளவு நாள் வாழ்க்கையில் அவர் முகத்தைப் பார்த்து அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் இன்றுவரை சரி என்று சொல்லவில்லை, உனக்கு நான் பொய் எழுத மாட்டேன். ஜெயபாய் தந்த கம்புகளைக் கிணற்றடிக்குப் பின்னால் ஊன்றியிருக்கிறேன், துளிர் விட்டுவிட்டது. நேற்றுக் காலையில் போய்ப் பார்த்தால், ஆடு கடிக்காமல் சுற்றிலும் முள் வெட்டிப் போட்டிருந்தது. நான் போடவில்லை.

தை மாதத்தில் கிழங்கு பறிக்கலாம். அதற்குள் லீவு கேட்டு இரண்டு பேரும் கப்பல் ஏறுங்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, அந்த ஊர் மழையில் நனையாதே, அவளோடு கோபத்தில் உரத்துப் பேசாதே, சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாத பெண். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் ஒற்றுமையாக இருக்க நெய்யாற்றங்கரைக் கிருஷ்ணசாமியும், அவள் கும்பிடுகிற தெய்வமும் துணை இருக்கட்டும். மறக்காமல் ஆனந்தபாயிடம் ஒன்று சொல். கிழங்கு புழுங்குவது அவள். நான் கேட்பேனோ மாட்டேனோ என்று பார்த்திருக்க வேண்டாம், சட்டியை மூடி வைக்கவும் வேண்டாம் என்று சொல்.

உங்கள் இருவருக்கும் அம்மாவான
நீலாம்பாள்