கலியாணத்தண்டைக்கு பென்ஸ் கொதிச்ச காரணம்

குண்டசாலை,
திங்கட்கிழமை.

அன்பு மகள் இல்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின்ட கிருபையால நானும் உம்மாவும் சுகம், உம்மாட முழங்கால் நோவு மட்டும் மழைக்குத் தலை தூக்குது, நீயும் மருமகன் ஸைத்தும் பேரப்புள்ளயும் மெல்பர்னில நல்லா இருக்கோணும் எண்டு அஞ்சு வக்தும் துஆ கேட்கிறோம். போனில சொன்னா நடுவில சிரிச்சுப் போடுவாய், அதுதான் எழுதுறேன்.

பென்ஸ விக்க மாட்டேன்! நாங்க டிசம்பர்ல வாறதுக்குள்ள அந்தக் கிழட்டு வண்டிய வித்துப் போடுங்க வாப்பா, எயார்போட்டுக்கு வேன் பிடிப்போம் எண்டு நீ சொல்ல நானும் தலையாட்டினேன்தான், நம்மட ஊர் பற்றிக் மாஸ்டரும் வாங்குறதுக்கு வந்து பார்த்து வெலை பேசிட்டுப் போனார்தான். ஆனா வண்டியோட குடுக்கிற சாமான்களத் தேடக்குள்ள உம்மாட பொத்தான் டின்னுக்குள்ள ஒரு பித்தளைத் துண்டு கிடந்திச்சு. பென்ஸின்ட தெர்மோஸ்டட், தண்ணி எப்ப ரேடியேட்டருக்குப் போகோணும் எண்டு பார்க்கிற சாமான். உன்ட கலியாணத்துக்கு ரெண்டு கிழமைக்கு முந்தி, கலியாண ஹோலுக்குப் போற ஏத்தத்தில வண்டி சூடாகக் கூடாது எண்டு நானே கழட்டினது. நம்மட நாட்டுச் சூட்டுக்கு அது எதுக்கு எண்டு கண்டியில எல்லாரும் செய்ற வேலைதானே. இப்ப வண்டியோட வந்த பழைய புத்தகத்த டிக்ஷனரி வச்சு ஒவ்வொரு சொல்லாப் படிச்சேன். இந்த எஞ்சினில அதைக் கழட்டினா பாதித் தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம உள்ளுக்கே சுத்திக் கொதிக்குமாம். யா அல்லாஹ்! ஏழு வருஷமா ரேடியேட்டர் மாத்தினேன், வோட்டர் பம்ப் மாத்தினேன், போற எடமெல்லாம் உம்மாட மடியில மூணு போத்தல் தண்ணி, கடைசியில பார்த்தா எல்லாம் என்ட கை செஞ்ச வேலை.

கொழும்பிலிருந்து புதுசு எடுப்பிச்சு நானே பூட்டினேன், ரெண்டு விரல் தோல் போச்சு. நேத்து உம்மாவையும் ஏத்திக் கடுகண்ணாவை மலை ரோட்டால இறங்கித் திரும்பி ஏறினேன். உம்மா போத்தலக் கட்டிப்பிடிச்சு ஸலவாத்து ஓதுறா, நான் ரோட்டப் பார்க்காம சூட்டு முள்ளையே பார்க்கிறேன், ரோட்டப் பாருங்க மனிசன் எண்டு ஏச்சு வேற. முள்ளு அசையல்ல மகள், நடுவில நிண்டது நிண்டதுதான்! மேல வந்ததும் உம்மா போத்தலத் திறந்து தானே குடிச்சா. ஏழு வருஷத்தில அந்தத் தண்ணிய மனிசர் குடிச்சது இதுதான் முதல் தடவை. வண்டி விக்கிறதில்ல எண்டு பற்றிக் மாஸ்டரிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்.

கலியாணத்தண்டைக்கு பென்ஸ் ஏத்தத்தில கொதிச்சு நிண்டு நீ கலியாண உடுப்போட த்ரீவீலரில போய் இறங்கினாய், முக்காடு வெளியில பறந்துக்கொண்டு போனது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. அதுக்கு இவ்வளவு காலமும் நான் ஏசினது வண்டிய. பிழை என்ட, மன்னிச்சுக்கொள் மகள். எயார்போட்டுக்கு நான்தான் வருவேன், நீ பாதியில இறங்கின அந்தப் பயணத்த இந்த முறை வாசல் வரைக்கும் கொண்டுவந்து முடிப்பேன், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் உங்க மூணு பேரையும் பாதுகாக்கட்டும். தொழுகைய விடாத, புள்ளைக்கு ஸ்வெட்டர் மறக்காத, வேன் மட்டும் பேசிடாத.

உன்ட வாப்பா,
மஹ்ரூப்

உம்மா பக்கத்தில நிண்டு வாசிக்கிறா. எயார்போட்டுக்குப் போத்தல் மூணையும் எடுத்துக்கொண்டுதான் வருவாவாம்.