பலிபீடப் படத்தில் அப்பா

ஸலோவ்கா,
3 மார்ச் 1878

அன்புத் தம்பி லைசருக்கு,

மியூனிக்கில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நான்கு மாதமாக ஒரு வரி இல்லை.

அப்பா போன செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போடப் போனவர், பாதி வேலையில் திரும்பிவிட்டார். மறுநாள் கத்தரிக்கோலை எடுத்துத் தாடியைத் தானே வெட்டிக்கொண்டார். அறுபது வயதில், லைசர். யூத ஜெபக்கூடத்துக்கும் போவதில்லை.

அவர் விட்டுவந்த கருவிப் பெட்டியைத் தேவாலயத்தில் மணியடிப்பவன் கொண்டுவந்தான். வாசலில் நின்று சிரித்தான். "உங்கப்பாதான் எங்க பலிபீடத்துக்கு மேல, இயேசுவக் காட்டிக்கொடுத்த யூதாஸா உக்காந்திருக்காரே, தெரியாதா? உன் தம்பி போட்ட படமாமே."

நீ போன கோடையில் அவரை உட்காரவைத்து வரைந்தாயே, அதுவா? பொய் என்று எழுது.

உன் அக்கா,
ஃப்ரூமா

மியூனிக்,
12 மார்ச்

அன்புள்ள அக்கா,

பொய் இல்லை. ஏதோ ஒரு தேவாலயத்துக்கென்று கடைசி இராவுணவுப் படம் கேட்டார்கள். இயேசுவுக்கும் சீடர்களுக்கும் எங்கள் ஓவியப் பள்ளி மாணவர்கள் மாதிரியாக உட்கார்ந்தார்கள். "யூதாஸ் மட்டும் பார்த்தவுடன் யூதனாகத் தெரியவேண்டும்" என்றார் ஆசிரியர். மறுத்திருந்தால் படம் வேறொருவன் கைக்குப் போயிருக்கும். என்னிடம் இருந்த முகங்களில் நன்றாக வந்திருந்தது அப்பாவுடையதுதான். மூக்கை நீட்டினேன், கண்ணைச் சுருக்கினேன். யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். அந்தப் படம் நம் ஊர்ப் பக்கத்துக்கே வரும் என்று சத்தியமாகத் தெரியாது.

பஸ்கா பண்டிகைக்கு வருகிறேன். அந்த முகத்தைச் சுரண்டிவிட்டு வேறு வரைய அனுமதி கேட்டுப் பாதிரியாருக்கு எழுதியிருக்கிறேன். அப்பாவிடம் சொல்.

லைசர்

ஸலோவ்கா,
1 ஏப்ரல்

லைசர்,

உன் கடிதத்தை அப்பா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். நேற்றுதான் சந்தையில் யாரோ யூதாஸ் என்று கத்தி அவர் முதுகில் மண்ணள்ளி வீசியிருந்தார்கள்.

"அதான் முகத்த மாத்திடறேங்கறானேப்பா" என்றேன்.

"மாத்திட்டு யாரோடத வைப்பான்?"

அவரே மேலே சொன்னார்.

"செருப்பு தைக்கிற யாங்கெலோடதயா? அவனுக்கு நாலு பொண்ணு. சந்தைக்குப் போய்த்தான் ஆகணும். என்னோடதே இருக்கட்டும். தொட வேணாம்னு எழுது."

பிறகு கேட்டார். "மூக்க எதுக்கு நீட்டினான்? அவனுக்கும் அதே மூக்குதானே."

பஸ்காவுக்கு நீ வரவேண்டாம். அப்பா சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நீ வந்து நின்றால் அவர் கதவைத் திறந்துவிடுவார்.

ஃப்ரூமா