வண்டுக்குச் சோறு போடுகிறவன்

திங்கள், 4. மழை.
நமுனுகுலைப் பக்கம் முகில் இறங்கி இரண்டு நாள். சப்பாத்து வாய் பிளந்துவிட்டது. பதுளையில் ஒட்டக் கொடுக்க வேண்டும்.
மருந்தடிப்புப் பட்டியல் எழுதியாயிற்று. இலைக் கொப்புள நோய்க்கு நீலச் செம்பு மருந்து. செவ்வாய் 7ஆம் நம்பர் மலை, புதன் 9ஆம் மலை, வியாழன் 11ஆம் மலை.
11ஆம் நம்பர் மலையில்தான் புது உத்தியோகத்தன் சற்குணத்தின் பரிசோதனை. தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டைக் கொல்ல ஒரு பங்கசு, ஒருவகைப் பூஞ்சை. சோற்றில் வளர்த்து, கரைத்து, வெயில் தாழ்ந்தபின் அடிப்பான். எட்டு வருடம் முன் இதையே நான் எழுதிக் கொடுத்தேன். அப்போதிருந்த துரை சிரித்தார். இவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பத்து மாதம். பலன் வந்தால் பங்கசு வளர்க்கத் தனிக் கொட்டகை, பொறுப்பும் இவனுக்கே. இந்தத் துரையின் வாக்கு.
செம்பு பட்டால் பங்கசு செத்துப்போகும். அவன் என்னிடம் சொல்லி வைக்கவில்லை. எனக்குத் தெரியும் என்ற நினைப்பாக்கும். தெரியும்தான்.
பட்டியலில் 11ஐ வெட்டவில்லை.

புதன், 6. தூறல்.
சற்குணம் கொழுந்துப் பெண்களோடு உட்கார்ந்து ரொட்டி தின்கிறான். பதினாறு வருடத்தில் எனக்கு ஒருத்தியும் ஒரு துண்டு பிட்டுத் தந்ததில்லை. கங்காணி பார்வதி என்னைக் கண்டதும், "அந்த ஐயா வண்டுக்கே சோறாக்கிப் போடுறாருங்க. நீங்க எங்களுக்குக்கூட ஒரு டீ வாங்கித் தந்ததில்லைங்களே." எல்லோரும் சிரித்தார்கள். நானும், கொஞ்சம் பிந்தி.
மாலை சற்குணம் மருந்தடிக்கிற யோகராஜை வைத்து 11இல் பங்கசை அடித்தான். மருந்துத் தொட்டியைத் தானே கழுவினான். பார்க்க ஆட்கள் இருந்தார்கள்.
பல்வலி. கராம்பு.

வியாழன், 7. வெயில்.
சற்குணம் முதல் பஸ்ஸில் பதுளைக்கு. பெரட்டில், காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், பெயர் வாசித்தேன். 11க்கு யோகராஜ். தயங்கி நின்றான்.
"ஐயா, பதினொண்ணுலயும் நீலத் தண்ணிதானுங்களா? நேத்துத்தானே அந்த ஐயா சோத்துத் தண்ணி அடிக்க வச்சாரு."
"லிஸ்ட்ல இருக்கிறத அடி."
குரல் நடுங்கவில்லை. பத்து மணிக்குள் முடிந்தது.

சனி, 9. மறுபடி மழை.
சற்குணம் திரும்பி வந்து பார்த்தான். இலை மடிப்பெல்லாம் நீலம். இன்னும் பத்து நாளில் செத்த வண்டுகளின் மேல் வெள்ளையாய்ப் பூத்திருக்க வேண்டியது. போயிற்று. ஒரு மணி நேரம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.
பிறகு கேள்விப்பட்டது: யோகராஜ் என் பெயரைச் சொல்லவில்லை. கவனிக்காமல் அடித்துவிட்டேன் என்றானாம். பட்டியலைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. திங்கள் முதல் அவனுக்கு வேலை இல்லை என்று துரை சொல்லிவிட்டார். அவன் மனைவிக்கு இது எட்டாம் மாதம்.
சாப்பிடவில்லை. பல்.

திங்கள், 11.
சொல்லிவிடுவதென்று காலையிலேயே ஆபீசுக்குப் போனேன். சற்குணம் எனக்கு முன்பே உள்ளே.
"அவனில பிழையில்லை சேர். செம்பு அடிக்க வேண்டாமெண்டு நான்தான் ஒருத்தருக்கும் சொல்லி வைக்கேல்லை. என்ர பிழை."
துரை யோகராஜை வேலைக்கு எடுத்துக்கொண்டார். சற்குணத்தின் தோளில் தட்டினார். இன்னொரு மலையில் செய்து பார், கொட்டகை எங்கே போய்விடப் போகிறது என்றார். பிறகு என்னைப் பார்த்து, என்ன விஷயம் என்றார்.
அடுத்த வாரப் பட்டியல் என்றேன்.
சொல்லத் துணிந்து போன ஒரே காலை. அந்தப் பிழையையும் அவனே எடுத்துக்கொண்டான்.