கதவைப் பிடித்துக்கொண்ட டீச்சர்

மார்ச் 2

என் அருமை அக்காவுக்கு,

தலைகால் புரியாத சந்தோஷத்தில் உன் தங்கை எழுதுவது. நீயும் மாமாவும் நலந்தானே? போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறாளே என்று திட்டாதே. கண்ட்ரோல் ரூமுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. பேனாவும் காகிதமும் மட்டும்தான். ஆமாம், நான் இப்போது கண்ட்ரோல் ரூமில்! நேற்றிலிருந்து செக்யூரிட்டி ஷிப்ட் சூப்பர்வைசர். ஏழு மாடி ஆஸ்பத்திரி, பதினொரு வாசல், அறுபத்து நான்கு கேமரா, பதினாறு ஆட்கள், எல்லாம் என் பொறுப்பு. சொல்லும்போதே எனக்குப் புல்லரிக்கிறது.

முதல் நாளே ஒரு கூத்து. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று அம்மா கையை விட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டது. அந்த அம்மா கதறிய கதறல் இன்னும் காதில் நிற்கிறது. வயர்லெஸ்ஸில் ஒரே வார்த்தை சொன்னேன், பதினொரு வாசலும் உஷார். நான்கே நிமிடத்தில் கண்டுபிடித்தோம். மகராசி லிப்டில் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தாள், ஜாலியாக!

விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. வருகிறவர்களில் பாதிப் பேர் வேறு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். "சும்மா நிக்கிற வேலை" என்று இளசுகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. உன் பள்ளியில் பதினெட்டாம் தேதி வேலை வழிகாட்டி நாள் என்று எழுதியிருந்தாயே? டாக்டர் வருகிறார், இன்ஜினியர் வருகிறார். நான் வரக்கூடாதா? அரை மணி நேரம் போதும். எங்கள் மேலாளர், "போம்மா, ரெண்டு பேரையாவது பிடிச்சுட்டு வா" என்று இப்போதே லீவு கொடுத்துவிட்டார்.

பதிலுக்குப் பறந்துகொண்டிருக்கும்,
உன் வாலு


மார்ச் 7

அன்புள்ள வாலுவுக்கு,

ஆசிகள். பதவி உயர்வு கேட்டு மாமாவுக்கு வாயெல்லாம் பல். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை பார்த்தபோது கன்னம் ஒட்டிக் கிடந்தது.

தலைமை ஆசிரியையிடம் சொன்னேன், உடனே சரி என்றார். உன்னோடு நேரடியாகப் பேசிக்கொள்கிறாராம். ஆனால் ஒன்று கேட்பேன், கோபப்படாதே. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டாஃப் ரூமில் விசாரித்தார்கள். ஏதோ வாய்க்கு வந்தபடி, கம்ப்யூட்டர் கம்பெனி என்று சொல்லிவிட்டேன். நான்கு வருடமாக அப்படியே ஓடுகிறது. இப்போது போய் மாற்றிச் சொன்னால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நாம் அக்கா தங்கை என்று காட்டிக்கொள்ள வேண்டாமே. விருந்தாளியாக வா, பேசு, போ. என்னைப் புரிந்துகொள்வாய் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 10

அக்கா,

சரி. யாரோ ஒருத்தியாக வருகிறேன். "டீச்சர்" என்றே கூப்பிடுகிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் நான் பொறுப்பில்லை.

ஆனால் வலித்தது. உன்னிடம் போய் அதை எப்படி மறைப்பது? இந்த வேலை கிடைத்ததை நான் முதலில் சொன்னது உன்னிடம்தான்.

போகட்டும். வெறும் பேச்சுப் பேசப் போவதில்லை, ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். தலைமை ஆசிரியையும் இதில் கூட்டு. என்னவென்று மட்டும் கேட்காதே!

வாலு


மார்ச் 18, சாயங்காலம்

அக்கா, அக்கா, அக்கா,

முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாயே! கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

திட்டம் இதுதான். எங்கள் ஷிப்டில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், ஒரு கையில் ஏணி, மறு கையில் பையோடு, ஃபேன் ரிப்பேர் என்று உள்ளே வருவார். தலைமை ஆசிரியை அறைச் சுவரிலிருக்கும் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு மேடைக்கு வருவார். வழியில் யாராவது "நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டால் நாங்கள் தோற்றோம். வாசலில் பியூன் மடக்குவார் என்றுதான் நினைத்தேன். பூட்டியிருந்த நடைக் கதவை உன் சாவியால் திறந்து, ஏணி உள்ளே நுழையும்வரை பிடித்துக்கொண்டு, "பாத்து வாங்க, படி இருக்கு" என்று வழியும் சொல்வாய் என்று சத்தியமாக எதிர்பார்க்கவில்லை!

"கதவைப் பிடிச்ச டீச்சருக்கு ரொம்ப நன்றி" என்று அண்ணன் கடிகாரத்தோடு மேடையேறி மைக்கில் சொன்னதும் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கூரையே போயிருக்கும். அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என் தப்பும்தான், மன்னித்துவிடு. ஆனால் கை நிறையச் சாமானோடு வருகிறவருக்குக் கதவைப் பிடிப்பது நல்ல மனசு. ஏமாற்ற வருகிறவன் முதலில் தேடுவதும் அதைத்தான். இதைத்தான் மேடையில் சொன்னேன். நீ அதற்குள் எழுந்து போய்விட்டாய்.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இரட்டைப் பின்னல், மூக்குக் கண்ணாடி, எழுந்து நின்றாள். "மிஸ், அவரோட பை காலி. ஸ்பேனர், சுத்தியல் இருந்தா ஒரு பக்கம் தோள் சாயும். நான் ஜன்னல்ல பாத்தேன்."

"அப்போ ஏன் கேக்கல?"

"எங்க டீச்சரே கூட்டிட்டு வந்தாங்க. அதான்."

அக்கா, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை! பயிற்சியில் எங்களுக்கு மூன்று மாதம் சொல்லிக் கொடுத்ததை அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டாள். கூட்டம் முடிந்ததும் இருபத்திரண்டு பேர் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். அவள்தான் முதல் ஆள். "உங்க வீட்டுல எல்லாருக்கும் சம்மதமா மிஸ்?" என்று கேட்டாள். "ஒருத்தங்களுக்கு மட்டும் வெளிய சொல்லக் கூச்சம்" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஒரு வரியாவது எழுது.

உன் வாலு


மார்ச் 26

அடி வாலு,

எட்டு நாளாக எழுதவில்லை. முதல் மூன்று நாள் வெறும் கோபம். ஆறாம் வகுப்புப் பொடிசுகள்கூட என்னைக் கண்டால் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "பாத்து வாங்க மிஸ், படி இருக்கு" என்கின்றன. நீ வைத்த விளையாட்டால் பள்ளியே தலைகீழாகக் கிடக்கிறது. நேற்று வாசலில் தலைமை ஆசிரியையையே நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள்!

இன்று காலை அந்த இரட்டைப் பின்னல் பெண்ணின் அம்மா வந்தார். ஸ்டாஃப் ரூமில் அத்தனை பேரும் இருந்தோம். மகள் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். "இவ்ளோ மார்க் வாங்குற பொண்ணு வாட்ச்மேன் வேலைக்குப் போறேன்னு நிக்கிறா. யார் இந்தக் கூத்துக்கு ஏற்பாடு பண்ணது?" என்று சத்தம் போட்டார். அது அப்படிப்பட்ட வேலை இல்லை, படிப்பும் பயிற்சியும் உண்டு என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "பேசறது சுலபம் டீச்சர். உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"நான் அனுப்பல. அவளா போனா. அன்னைக்கு மேடையில பேசினது என் தங்கச்சி. சொல்ல வெக்கப்பட்டு நாலு வருஷம் பொய் சொன்னேன். தப்பு அவ மேல இல்ல, என் மேல" என்றேன்.

கணக்கு டீச்சர்தான் முதலில், "மூக்க பாத்தப்பவே எனக்குச் சந்தேகம்தான்" என்றார். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "உங்க தங்கச்சிக்கு எத்தன வயசு? தனியாவா இருக்காங்க? பயமா இல்லையா?" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் கேள்வி. இன்னும் சம்மதம் சொல்லவில்லை. உன்னை நேரில் பார்க்க வேண்டுமாம். மகளோடு வருகிறாராம்.

வாலு, உன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதை முதுகுக்குப் பின்னால்தான் சொல்ல முடிந்தது எனக்கு. ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். உன் பதினாறு பேரையும் நிறுத்தி வை, அத்தனை பேர் எதிரிலும் ஒரு தடவை "இவ என் தங்கச்சி" என்று சொல்கிறேன்.

உன் அக்கா