தகரப்பெட்டியில் இருந்த பதில்

மதினி,

நீங்கள் போய்ச் சேர்ந்த நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும், கெலிஓயாவிலிருந்து உங்கள் தம்பி அந்தத் தகரப்பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். திறந்ததும் கராம்பு வாசம். உள்ளே உங்கள் கணவர், என் அண்ணன், நானாவின் கடிதங்கள்.

பர்மாவில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது நானா அங்கே பட்டாளத்தில் ஒபிசர். நீங்கள் எங்களோடு கண்டி வீட்டில். அரபெழுத்தில் எழுதிய தமிழ்தான் உங்களுக்கு வாசிக்க வரும். நானாவும் அப்படித்தான் எழுதினார். கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிற வெள்ளைக்காரன் அதை ஏதோ ரகசியக் குறி என்று நிறுத்திவிட்டான். அதன்பிறகு நானா தமிழெழுத்தில் எழுத, பள்ளிக்கூடம் போன நான் வாசித்துக் காட்டினேன். உங்கள் பதிலையும் நானே எழுதினேன்.

"இன்னம் என்ன எழுதியிருக்காரு மச்சி?" என்று என்னிடம் ஆசையாகக் கேட்பீர்கள்.

"சொகமா இருக்காராம்."

அந்தக் கடிதத்தில் சுகம் இல்லை. ஊர்களைக் கொளுத்தச் சொல்கிறார்கள், என்னால் முடியவில்லை, ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை எழுது, அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். நான் அதை விழுங்கிவிட்டேன். கலகெதர மாப்பிள்ளை வீட்டார் ஒபிசரின் தங்கச்சி என்றுதான் என்னைக் கேட்டு வந்திருந்தார்கள். "கவலைப்படாமல் வேலையைப் பாருங்கள்" என்று உங்கள் பெயரில் எழுதினேன். நீங்கள் கடிதத்தை வாங்கி, கண்ணில் ஒற்றி, பெட்டியில் வைத்தீர்கள்.

என் நிக்காஹ் முடிந்த மறுமாதம் தந்தி வந்தது. கிளர்ச்சிக்காரர்கள் நானாவை வெட்டிவிட்டார்கள்.

கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில், வெள்ளைப் புடவையோடு அறைக்குள் இருக்கையில் கேட்டீர்கள்: "நாலு மாசம் பத்து நாள் சும்மாதானே மச்சி. தமிழெழுத்துப் படிப்பிச்சித் தாங்க. அவர்ட கடிதத்த நானே வாசிக்கணும்."

நாளுக்கு ஓர் எழுத்து என்று இழுத்தடித்தேன். அந்தக் கடிதத்தை எடுத்துக் கிழிக்கலாம் என்றால், பெட்டி உங்கள் தலைமாட்டை விட்டு அசையவில்லை. இத்தா முடிந்த காலை வெளியே வந்து, "நல்லாப் படிப்பிச்சித் தந்தீங்க மச்சி" என்றீர்கள். அன்றே கெலிஓயாவில் உங்கள் தாய்வீட்டுக்குப் போய்விட்டீர்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் வட்டிலப்பம் அனுப்பினீர்கள். தப்பித்தேன் என்று நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

இப்போது அந்தக் கடிதத்தைப் பிரித்தால், நானா கேட்ட வரிக்குக் கீழே, பென்சிலால், நான் படிப்பித்த கோணல் எழுத்தில் ‘வாங்க’ என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்.

என் சின்ன மகள் வாசலுக்கு யார் வந்தாலும் "வாங்க, வாங்க" என்று கூப்பிடப் பழகியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன். நானா வருவதில்லை.