மந்தைவெளி மாடியில் வளர்ந்த உடைமரங்கள்

இன்று காலை அடையாற்றங்கரையோரம் இயந்திரம் வைத்துச் சீமைக்கருவேலத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பச்சை முள் நசுங்கிய வாடை பஸ்ஸுக்குள்ளும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், வேலமரம் என்றாலே தண்ணீரை உறிஞ்சிவிடும், ஒன்றுவிடாமல் வெட்ட வேண்டும் என்றார். எல்லா வேலமும் ஒன்றில்லை என்று அவரிடம் சொல்லத் தொடங்கினேன். என் வாயில் வந்ததெல்லாம் உங்கள் பேச்சு, சம்பந்தி.

என் பெண்ணை உங்கள் மகனுக்குக் கொடுத்த பிறகும், விசேஷ வீடுகளில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. பிள்ளைகள் பெங்களூரில். அடையாறில் வைத்தியம் என்று முடிவானதும், அந்த ஆடி மாதம் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தீர்கள். கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் வியாதி எதுவரை போகும் என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கையில் ஒரு துணிப்பை, அதில் ஆட்டுப்பட்டி நாற்றம். நான் மூக்கைச் சுளித்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பையைப் பால்கனியில் வைத்தீர்கள்.

உள்ளே உடைமர விதைகள். குடை விரித்தமாதிரி நிற்குமே, அந்த வேலமரம். தெற்கே உங்கள் ஊரை ஒட்டிய மணல்மேடான தேரியில் மரங்களை விறகுக்கு வெட்டித் தீர்த்த பிறகு, செம்மணல் காற்றோடு கிளம்பிப் பாதையையும் கிணற்றையும் மூடியது. நீங்கள் முதலில் வேப்பங்கன்று வைத்தீர்கள். அத்தனையும் கருகி, ஊரே கேலி பேசியது. அப்புறம் ஆடு மேய்க்கும் வள்ளியின் பட்டியில், ஆடு தின்று கழித்த உடை விதைகள் ஒரு மழைக்கே முளைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள். கோடையில் அந்த மரத்தின் காய்ந்த நெற்றுதான் ஆட்டுக்குத் தீனி. கன்று வேர்பிடிக்கும்வரை, இரண்டு மழைக்காலம், தேரிப் பக்கம் ஆட்டை ஓட்டுவதில்லை என்று வள்ளி ஒப்புக்கொண்டாள். ஐப்பசியில் கன்றோடு வருவதாக நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்கள்.

ஆகவே எங்கள் மொட்டைமாடியில் பால் பாக்கெட்டுகளில் மண் நிரம்பியது. குடியிருப்புச் செயலாளர் முள்செடி கூடாதென்று ஏறி வந்தார். ஐப்பசி பிறந்ததும் ஒன்றுகூட இங்கே இருக்காது என்று நீங்கள் நிதானமாகச் சொன்னதும், காய்ச்சல் ஊசிக்கு யாரைக் கேட்கலாம் என்று உங்களிடமே விசாரித்துவிட்டு இறங்கிப் போனார். சிகிச்சை முடிந்து வரும் நாட்களில் உங்களால் படியேற முடியாது. நான் மேலே போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து, எது வாடியது, எது துளிர்த்தது என்று சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். ஒருநாள் மட்டும், "நான் போகாட்டியும் கன்னு போகணும், சம்பந்தி" என்றீர்கள். அதெல்லாம் நீங்களே போவீர்கள் என்றேன்.

புரட்டாசி முடியும் முன்பே போய்விட்டீர்கள். கன்றுகளை இங்கேயே ஏதாவது பூங்காவுக்குக் கொடுத்துவிடலாம், அம்மாவே இல்லை, அங்கே யார் பார்ப்பார்கள் என்றார் மாப்பிள்ளை. அவர் துக்கம் அவருக்கு. நான் ஒரு வண்டி பேசினேன். ஏற்றும்போது டிரைவர், "இன்னாம்மா, முள்ளுச் செடிய ஏத்திக்கினு அவ்ளோ தூரமா?" என்றார். ஆனால் வழி நெடுக நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் தெளித்தவரும் அவர்தான்.

தேரியில் வள்ளி காத்திருந்தாள். மேட்டைச் சுற்றி முள் வெட்டிப் போட்டிருந்தாள். ஒரு ஆட்டுக் குளம்படிகூட இல்லை. நீங்கள் இறந்த செய்தி இவளுக்குத் தெரியாது போலிருக்கிறது, எப்படிச் சொல்வதென்று நான் தடுமாறினேன்.

"சேதி வந்துச்சும்மா," என்றாள் அவளே. "கன்னு வருமோ வராதோன்னுதான் இருந்துச்சு. அதுக்காக ஆட்ட விட்டுற முடியுமா? அவுககிட்ட ஒத்துக்கிட்டேன்ல."

இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து அழுதோம். பிறகு குழி தோண்டினோம்.

பாதிக்குமேல் பட்டுப்போனது. மிச்சம் நின்றது. வருஷங்கள் போக, அதன் அடியில் உதிர்ந்த விதைகளும் முளைத்தன. இப்போது பாதையில் மணல் ஏறுவதில்லை. கோடையில் வள்ளி மட்டுமல்ல, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் நெற்றுக்காக ஆடுகளை ஓட்டி வருகிறார்கள். மாப்பிள்ளை வருஷம் தவறாமல் போய்ப் பார்க்கிறார்.

இந்த ஊரில் மழை என்றால் எங்களுக்குப் பயம். வானம் கறுத்தாலே காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவோம். நான் இப்போது முதல் தூறலுக்கே வள்ளிக்குப் போன் போடுகிறேன். இன்று சாயங்காலம் மந்தைவெளியில் நல்ல மழை. அங்கே பெய்கிறதா என்று கேட்டேன்.

"இன்னும் இல்லம்மா. மேகம் இருக்கு," என்றாள்.

சாரல் உள்ளே அடித்தது. ஜன்னலைச் சாத்தத் தோன்றாமல், மேகம் தெற்கே நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன், சம்பந்தி.